கினிப்பன்றிக்கு விழுந்த சடை

எங்கள் வீட்டுக் கினிப்பன்றிக்கு வாலும் இல்லை, கழுத்தும் இல்லை. இருப்பது மயிர் மட்டும்தான். பழுப்பும் வெள்ளையுமாக நிலத்தில் இழுபடுகிற மயிர். படுத்திருந்தால் எது தலை, எது குண்டி என்று தெரியாது. கரட் துண்டை நீட்டினால் எந்தப் பக்கம் அசைகிறதோ அதுதான் தலை. இதைக் கொழும்பில் ஒரு கடையில் வாங்கி, புதுக்குடியிருப்பு வரைக்கும் வான் வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்து என் மகளுக்குக் கொடுத்தவள் என் மச்சாள், என் மனுசனின் தங்கச்சி. சுவிஸில் இருந்து லீவுக்கு வந்திருந்தாள். மகளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு அவள் விமானம் ஏறிவிட்டாள். வன்னி வெயிலில் நீளமயிர்ப் பிராணி வளர்க்கிற விசர் வேலை என் தலையில் விழுந்தது.

மகள் அதற்கு ஏதோ செல்லப் பெயர் வைத்தாள். நான் பன்றி என்றுதான் கூப்பிட்டேன். ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்தேன். போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். காலையில் முதலில் மகளின் தலையை இழுத்துப் பின்னிவிடுவேன், பிறகு பன்றி. மயிரை அடியில் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியில் இருந்து சிக்கெடுக்க வேண்டும். அப்படியே இழுத்தால் தோலும் சேர்ந்து வரும், அதன் தோல் வெங்காயச் சருகு போல அவ்வளவு மெல்லியது. பின்பக்க மயிரைக் கட்டையாக வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூத்திரத்தில் ஊறி, ஈ மொய்த்து, புழு வைத்துவிடும். சிக்கு இறுகிவிட்டால், தோலுக்கும் சிக்குக்கும் இடையில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலால் கத்தரிக்க வேண்டும். வெயில் ஏறினால் போத்தல் தண்ணீரை ஐஸாக்கித் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைப்பேன், அது போத்தலோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். என் தலைக்கு நான் இதில் கால்வாசி பார்த்ததில்லை.

நடுவில் என் அம்மாவுக்கு ஒப்பரேசன். வவுனியா ஆஸ்பத்திரியில் அவரோடு நிற்க வேண்டி வந்தது. வீட்டில் மாமி இருந்தார், மனுசனைப் பெற்றவர், எங்களோடுதான் இருக்கிறார். பன்றியை எப்படிச் சீவுவது என்று அவருக்கும் மகளுக்கும் செய்து காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

திரும்பி வந்து பார்த்தால், பன்றி முன்அறையில் ஒரு கதிரையில், சிவப்புத் துணிக்கு மேல் இருந்தது. இடது காதுக்குப் பின்னால் இருந்து முதுகு வரை மயிர் கயிறு மாதிரித் திரண்டு இறுகிக் கிடந்தது. அதற்கு மேல் சந்தனம், குங்குமம். மஞ்சள் தண்ணீரும் தெளித்து நன்றாக ஊறவைத்திருந்தார்கள். நான் பையைப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோல் எடுக்க அலுமாரியைத் திறந்தேன். இல்லை. தையல் மெஷின் லாச்சியிலும் இல்லை, குசினியிலும் இல்லை.

“தேடாத பிள்ளை. நான்தான் எடுத்து வைச்சிருக்கிறன்,” என்றார் மாமி. “அதுக்குச் சடை விழுந்திருக்கு. அம்மாள் வந்திருக்கிறா. கை வைக்கப்படாது.”

“அது சடை இல்லை மாமி, சிக்கு. சீவாமல் விட்டா எந்த மயிரும் அப்பிடித்தான்.”

“சடை விழுந்த கிழமைதான் உன்ர மச்சாள் போன் எடுத்தவள். வயித்தில தங்கியிருக்காம். இவ்வளவு வருசத்துக்குப் பிறகு. அவள் வாங்கித் தந்த பிராணியிலதான் அம்மாள் வந்து நிக்கிறா. அவள் பெத்தெடுக்குமட்டும் ஒருத்தரும் வெட்டப்படாது. வெட்டினா அந்தப் பிள்ளைக்குத்தான் கூடாது.”

மனிதருக்குச் சடை விழுந்தால் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று எங்கள் பக்கம் வெட்டாமல் விடுவார்கள். வெட்டுவதென்றாலும் கோயிலில் கேட்டு, பூசை வைத்துத்தான். அது எனக்குத் தெரியாததில்லை. கினிப்பன்றிக்கு இறங்கியதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மச்சாள் ஒரு பிள்ளைக்காக ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, இருக்காத விரதம் இல்லை. இதை நான் வெட்டி, பிறகு அந்த வயிற்றுக்கு ஏதும் நடந்தால், அந்தப் பழி என் பாடையோடும் வரும். மாமி அதைத் தெரிந்துதான் சொன்னார். மனுசனைப் பார்த்தேன். “அவள் பெறுமட்டும் பொறன்,” என்றார். பொறுப்பதற்கு அவருக்கு என்ன, சடை அவர் முதுகிலா இருந்தது?

பிறகு சனம் வரத் தொடங்கியது. ஒழுங்கையில் இருந்த பெண்கள் எல்லாம் பூவும் தேசிக்காயுமாக வந்தார்கள். ஒருத்தி அதன் மூக்குக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். அது கீச்சிட்டுக் கத்தியபோது, “அம்மாள் குரல் குடுக்கிறா,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பயத்தில் கத்துகிற பிராணிக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்ற அந்தச் சனத்தை விளக்குமாற்றால் கலைக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. சடை தோலை இழுத்து இழுத்து, பன்றி தலையை ஒரு பக்கம் சரித்தபடியே நடந்தது. சாப்பாடு குறைந்தது. வெக்கையில் அந்தக் கட்டி நாறவும் தொடங்கியது. “அம்மா, அதுக்கு நோகுது,” என்று மகள் ஒரே அழுகை. “அம்மாளுக்கு நோகாது,” என்று மாமி அவளின் வாயை அடைத்தார்.

செவ்வாயும் வெள்ளியும் மாமி கோயிலுக்குப் போவார். அந்த நேரம் பார்த்து நான் வெட்டினேன். கத்தரிக்கோல் இல்லாத வீட்டில் மனுசனின் நகவெட்டி இருந்தது. மேலே சந்தனம் பூசிய ஓட்டைத் தொடாமல், அடியால் சீப்பைச் செருகி, ஒரு தடவைக்கு நாலைந்து இழையாக நறுக்கிக்கொண்டு போனேன். உள்ளே தோல் சிவந்து, ஒரு இடத்தில் சீழும் பிடித்திருந்தது. உப்புத் தண்ணீரால் துடைத்தேன். பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு நறுக்குக்கும் மச்சாளின் வயிறு எனக்கு நினைவு வந்தது. நம்பாதவளுக்கே அந்தப் பயத்தை மூட்டிவிட்டதற்காக மாமியை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. கொஞ்ச நாளில் புண் காய்ந்தது. பன்றி கரட்டுக்கு ஓடி வந்தது. சடை என்று மேலே கிடந்தது வெறும் மூடி, காதடியில் சில இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமிக்கு அது விளங்கவில்லை. தினமும் அதற்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த அழைப்பு வந்தது. நான் குசினியில் கறி கிளறிக்கொண்டிருந்தேன். முன்அறையில் மாமி போனில் மச்சாளின் முகத்தைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கியது கேட்டது. பிறகு குழறுகிற சத்தம். ஓடிப் போனேன்.

“தங்கேல்லை அம்மா,” என்றாள் மச்சாள். கண் இரண்டும் வீங்கிப் போயிருந்தது.

மாமி நெஞ்சில் அடித்து அழுதார். அழுது முடிய முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெற்ற மகளைப் பிடித்தார்.

“வேலைக்குப் போகாத எண்டு நான் சொன்னனான். கேட்டனியே? ஒரு மாசம் வீட்டில நிண்டிட்டுத் திரும்ப அந்தக் கடைக் குசினிக்குப் போய்ச் சட்டி தூக்கினனி.”

“வேலையால இல்லையெண்டு டொக்டர் சொன்னவர் அம்மா.”

“டொக்டருக்கு என்ன தெரியும்? அம்மாள் தந்தவா.” மாமி பன்றியைத் தூக்கிப் போனுக்கு நேரே பிடித்தார். “இஞ்ச பார், சடை அப்பிடியே கிடக்கு. நாங்கள் ஒருத்தரும் கை வைக்கேல்லை. அம்மாளிலயும் பிழை இல்லை, எங்களிலயும் பிழை இல்லை. நீதான் உன்ர பிள்ளையைத் திண்டனி.”

மச்சாள் “ஓம் அம்மா,” என்றாள். பிறகு இன்னொரு தடவையும், “ஓம்,” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டுப் போய் அந்தச் சடையைப் பிடித்து ஒரே இழுவை. கையோடு வந்தது. பன்றி ஒரு சத்தமும் போடவில்லை. அடியில் புதிதாக முளைத்த மயிர் கட்டையாக, சுத்தமாக இருந்தது.

“இந்தாங்கோ மாமி, உங்கட அம்மாள்,” என்று மடியில் போட்டேன். “இதை நான் எப்பவோ வெட்டிப்போட்டன். நகவெட்டியால வெட்டினனான்.”

மாமிக்கு அடிக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் போனுக்குள் இருந்து மச்சாளின் குரல் வந்தது.

“எப்ப அண்ணி வெட்டினனீங்கள்?”

நான் குனிந்து அகப்பையை எடுத்தேன்.

“சொல்லுங்கோ அண்ணி. நான் திரும்ப வேலைக்குப் போக முதலோ, பேந்தோ?”

அவள் போனுக்குக் கிட்டக் கிட்ட வந்தாள். அந்த வீங்கின கண்களால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போது வேலைக்குப் போனாள் என்று எனக்கு எங்கே தெரியும்? நான் நாள் எழுதி வைத்தா வெட்டினேன்?

“முதல்,” என்றேன். “நீர் வேலைக்குப் போக முதலே வெட்டிப்போட்டன்.”

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். “அப்ப நான் இல்லை அம்மா,” என்றாள். “நான் இல்லை.” அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். அழுதுகொண்டே போனை வைத்தாள்.

மாமி எழும்பித் தன் றங்குப்பெட்டியைத் திறந்து, ஒளித்து வைத்த கத்தரிக்கோல்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து என் காலடியில் கொட்டினார். “கொலைகாரி,” என்றார். “இனி உன்ர ஆசைக்கு வெட்டு.”

அதற்குப் பிறகு மாமி என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. தனக்குத் தனியாகச் சமைக்கிறார். மச்சாள் ஒவ்வொரு கிழமையும் போன் எடுக்கிறாள். இப்போது தாயும் மகளும் சிரித்துக் கதைக்கிறார்கள், குசினி வரைக்கும் கேட்கிறது. திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம். நான் போனடிக்குப் போனால் வைத்துவிடுகிறாள். மனுசன், “நீ ஏன் சொல்லப் போனனி?” என்று மட்டும் கேட்டார்.

பன்றிக்கு மயிர் திரும்ப நீண்டுவிட்டது. கத்தரிக்கோலும் அலுமாரியில் அதன் இடத்தில் இருக்கிறது. ஒரு காலை நான் பின்பக்கத்தை வெட்டிக்கொண்டிருந்தேன், மகள் அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்கள் வெட்டினபடியாலேயோ சுவிஸ் மாமின்ர பிள்ளை செத்தது? அப்பம்மா சொன்னவா.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு வாயில் ஒன்றும் நிற்காது. அன்றைக்கே அது அப்பம்மாவுக்குப் போகும், அங்கிருந்து சுவிஸுக்குப் போகும். மச்சாள் திரும்பவும் “ஓம் அம்மா” என்று சொல்ல வேண்டி வரும்.

“கதைக்காமல் பன்றியைப் பிடி,” என்றேன்.

பிடித்தாள். நான் வெட்டி முடிக்கும் வரைக்கும் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு தலை இழுக்கக் கூப்பிட்டேன். அவள் அப்பம்மாவிடம் போய்ப் பின்னிக்கொண்டு வந்து நின்றாள்.