எங்கள் பக்கம் வந்த கரும்பாறை

மாமனார் இறந்த மறு வருஷம், சிவகிரி சாலையோரம் இருந்த நிலத்தை அண்ணன் தம்பி இருவரும் பிரித்துக்கொண்டார்கள். சீட்டு எழுதிப் போட்டதும் என் கணவர் தன் அண்ணனிடம், "நீயே மொதல்ல எடுண்ணே" என்றார். அவருக்குக் கிழக்குப் பாதி வந்தது, எங்களுக்கு மேற்கு. நடுவில் ஒரு வரப்புதான். இரண்டும் ஒரே செம்மண். அன்று எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

எழுபதுகளின் நடுவில், ஒரே கோடையில் இரண்டு வீட்டாரும் கிணறு வெட்டத் தொடங்கினோம். செம்மண் முடிந்து, சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாகச் சுக்கான் வந்தது. அதுவரை இரண்டு குழிகளும் ஒன்றுபோலவே இருந்தன. அதற்குக் கீழே அவர்களுக்குக் கிடைத்தது கடப்பாரை பட்டாலே உதிர்கிற மக்கிய பாறை. அதில் வெங்கச்சங்கல் ஒரு வெள்ளைப் பட்டையாக ஓடியது. அந்தப் பட்டையோரம் கசிந்த தண்ணீர் சில நாளில் ஆள் மூழ்கும் அளவுக்கு நின்றுவிட்டது.

எங்களுக்குக் கிடைத்தது கரும்பாறை. உடைத்த முகம் எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். நாள் முழுக்க வெடி வைத்தாலும் ஒரு முழம் இறங்காது. தேடிப் பார்த்தாலும் ஒரு கீறல் இல்லை.

அவர்கள் மிளகாய் போட்டார்கள். என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அடுத்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அக்கா அரக்குச் சிவப்பில் புதுப்புடவை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒங்களுக்கும் தண்ணி வந்திரும்ட்டி, மனச விட்டுராத" என்றாள். அந்தப் புடவையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆறுதல் சொன்னாள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சண்டை போட்டேன். "மொதல்ல எடுக்க ஒங்களுக்குக் கை இல்லையா?" என்று கேட்டேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

சில மாதம் கழித்து, நிலத்தடி நீர் பார்க்கிற அரசு அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். இரண்டு கிணற்றிலும் இறங்கி, சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்.

"ரெண்டும் ஒரே பாறைதாம்மா. சார்னகைட்னு சொல்வோம். அங்கே விரிசல் இருக்கு, தண்ணி பூந்து பாறையை மக்க வச்சிருக்கு. இங்கே விரிசல் இல்லை. ஆனா அந்த வெள்ளைப் பட்டை சாய்வா உங்க பக்கம்தான் வருது. கிணத்துக்குள்ளே இருந்து கிழக்கே படுக்கையாத் துளை போட்டா அதைத் தொட்டுரலாம்."

"அப்பம் அண்ணன் கெணத்துல தண்ணி கொறையுமா சார்?" என்று கேட்டார் என் கணவர்.

"கொஞ்சம் குறையலாம்."

அந்தக் 'கொஞ்சம்' என் காதில் தேனாக விழுந்தது. கணவருக்கு மனம் வரவில்லை. "பூமிக்குள்ள யாரு வரப்பு போட்டா?" என்று கேட்டே அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

துளை போட்டார்கள். முதலில் கறுப்புத் தூள் வந்தது, பிறகு வெள்ளைத் தூள், அதன் பின்னாலேயே கலங்கலாகத் தண்ணீர். என் கணவர் அதைக் கையில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டார். ஒரு ஏக்கருக்குப் போதுமான தண்ணீர். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் காலையில் என் கால் போனது அவர்கள் கிணற்றுக்கு. தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணினேன். தினமும் போய் எண்ணினேன். ஒரு மாதமாகியும் ஒரு படிகூடக் கூடவில்லை.

ஒருநாள் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "என்னட்டி எட்டிப் பாக்க?"

"சும்மாதாங்க்கா. தண்ணி கலங்கியிருக்கான்னு பாத்தேன்."

"பொய் சொல்லாத. நானும் தெனம் சாயங்காலம் ஒங்க கெணத்த எட்டிப் பாத்துட்டுத்தான் போறேன். நீங்க தொளை போட்ட அன்னைக்கு, தண்ணி வந்திரக் கூடாதுன்னு கோமதியம்மன்ட்ட வேண்டிக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவளை நேராகப் பார்க்க முடிந்தது.

"எங்க கெணத்துல எத்தன படி கொறஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்லக்கா."

"அதான் ஒனக்கு வயித்தெரிச்சலா?"

"ஆமாக்கா" என்றேன்.

இருவரும் வெட்டிப்போட்ட கல்மேட்டில் உட்கார்ந்து வெயில் ஏறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். மறுநாளும் நான் போனேன். ஒளிந்து போகவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் ஒரு படியாவது இறங்கியிருக்காதா என்றுதான் அன்றும் எட்டிப் பார்த்தேன்.