உப்பு டின்னும் டி டிரைவும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு ஓணம் நிகழ்ச்சியில் என் மனைவியின் தம்பி செந்தில், மைக் ஸ்டாண்டாக வேலை பார்த்தார். சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி, கூலிங் கிளாஸ், நீட்டிய கையில் மைக். பாடவில்லை, பேசவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார்... அவ்வளவுதான்.

களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கிற மனிதர். கம்ப்யூட்டர் என்றால் மட்டாஞ்சேரியில் தனக்கு அடுத்துதான் எவரும் என்று நினைப்பவர். அவருக்கு ஏன் இந்த உத்தியோகம்? அதுதான் பிள்ளைகளே, இந்த வாரக் கதை.

என் மகள் கயல் பிளஸ் டூ படிக்கிறாள். கம்ப்யூட்டரிலேயே பாட்டுக்கு இசை சேர்ப்பாள். ஓணத்துக்காக ஒரு பாட்டு செய்திருந்தாள். பாடியது அவளுடைய தோழி மும்தாஜ். குரலைப் பதிவு செய்து கொடுத்துவிட்டு மும்தாஜ் கும்பளங்கியில் இருக்கும் உம்மாவின் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நிகழ்ச்சிக்குத்தான் திரும்புவாள். கடைசி மெருகு மட்டும் பாக்கி.

அப்போதுதான் செந்தில் உள்ளே வந்து கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"என்ன மோளே இது, எல்லாம் ஒரே குப்பையா கெடக்கு? இப்படி வெச்சா எப்படி மியூசிக் வரும்?"

"வந்துருச்சே மாமா. கேக்குறீங்களா?"

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல பார்ட்டிஷன் போடணும்."

பார்ட்டிஷன் என்றால் என்ன? நான் பத்தாவதோடு நிறுத்தியவன், ஜூ டவுன் கோடவுனில் மிளகு மூட்டையோடு இருப்பவன். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கோடவுனில் மிளகு, சுக்கு, ஏலம் கலக்காமலிருக்கத் தடுப்பு வைத்து அறைகளாக்குவோம். கம்ப்யூட்டர் டிஸ்க்கையும் அப்படி அறை அறையாகத் தடுக்கலாம். ஒவ்வொரு அறைக்கும் சி, டி, ஈ என்று ஓர் எழுத்து.

செந்தில் தடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்ப்யூட்டரை எழுப்பி நடத்துகிற இயங்குதளம் என்று ஒன்று உண்டு. நமக்கெல்லாம் ஒன்று போதும். அவர் இரண்டு போட்டார் — ஒன்று பொதுக் காரியத்துக்கு, ஒன்று சங்கீதத்துக்கு மட்டும். சங்கீதத்துக்குத் தனி வாசல் வேண்டுமாம். எந்த வாசல் வழியாகப் போவது என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் கேட்கும்.

ஓணம் நெருங்கியது. கயல் நாற்காலியில் உட்கார வழியில்லை. அதில் மாமா இருந்தார்.

"மாமா, பாட்ட முடிச்சுக்கட்டுமா?"

"பொறு மோளே. எல்லாம் அதது எடத்துல இருக்கணும்."

சிரிக்காதீர்கள். பரீட்சைக்கு டைம்டேபிள் போடுகிறேன் என்று நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டி, பூ வரைந்து, அன்றைக்கு முழுக்கப் படிக்காமல் தூங்கியவர் உங்களில் யாரும் இல்லையா? அடுக்குவது சுகமான வேலை. வேலை செய்கிற மாதிரியே இருக்கும். தோற்கவும் முடியாது. பாட்டுப் போட்டால்தானே யாராவது நன்றாக இல்லை என்பார்கள்?

ஒருநாள் சாயா போட அடுக்களைக்குப் போன செந்தில், ஒரு டின்னோடு திரும்பி வந்தார்.

"அக்கா, சீனின்னு எழுதியிருக்கு. உள்ள உப்பு. நீயெல்லாம் எப்படிக்கா சமைக்கிற?"

"எல்லா டின்னையும் தொறந்து பாத்துட்டுத்தாண்டா எடுப்பேன்" என்றாள் என் மனைவி.

"சிஸ்டம் வேணும்க்கா. எழுதினா எழுதினபடி இருக்கணும்."

மறுநாள் கயல் டியூஷனுக்குப் போயிருந்தாள். செந்திலுக்கு டிரம் சத்தங்களை இறக்கி வைக்க இடம் தேவைப்பட்டது. டி டிரைவில் பழைய கேம்கள்தானே கிடக்கின்றன? சங்கீத வாசல் வழியாக உள்ளே போனார். டி-யைத் தேடிப்பிடித்து மொத்தமாக அழித்தார். எல்லாம் போய்விடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டதாம். அதற்கு இருந்த பயம்கூட இவருக்கு இல்லை. காலியான இடத்தில் டிரம் சத்தங்களை மூட்டை மூட்டையாகக் கொட்டி நிரப்பினார்.

இங்கேதான் விஷயம். கோடவுனுக்கு இரண்டு வாசல் இருந்தால், கிழக்கே நின்று எண்ணும்போது இரண்டாவது அறை மிளகு. மேற்கே நின்று எண்ணினால் இரண்டாவது அறை சுக்கு. அதே கதைதான். பொது வாசலில் டி என்றால் கேம். சங்கீத வாசலில் டி என்றால் கயலின் பாட்டு.

வேறு காப்பி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. முந்தின வாரம் அதையும் அவரே அழித்திருந்தார். ஒரே பாட்டு இரண்டு இடத்தில் இருப்பது அடுக்குக்கு ஆகாதாம்.

கயல் வந்தாள். பார்த்தாள். அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"மாமா, அழிக்குறதுக்கு முன்னாடி தொறந்து பாத்தீங்களா?"

செந்தில் அழித்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். கிடைத்ததெல்லாம் டிரம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பந்தலில் மைக் செட் போட்ட சேட்டன் இசைப் பதிவு எங்கே என்று கேட்டார்: "டிராக் எவிடெ மோளே?"

"டிராக் இல்ல சேட்டா. நான் கீபோர்டு வாசிக்கிறேன். இவ பாடுவா."

கும்பளங்கியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்த மும்தாஜுக்கு விஷயமே பந்தலில்தான் தெரியும். "பயமா இருக்குடீ" என்றாள்.

"தப்பானா ஆகட்டும். பாடு."

இன்னொரு சிக்கல். இருந்தது ஒரே மைக் ஸ்டாண்ட். அதுவும் கழுத்து நிற்காமல் தொங்கியது. கயல் சுற்றிலும் பார்த்தாள். முன்வரிசையில் கூலிங் கிளாஸோடு மாமா.

"மாமா, இங்க வாங்க."

வந்தார். மைக்கைக் கையில் கொடுத்து, கையைப் பிடித்து மும்தாஜின் வாய்க்கு நேராக வைத்தாள்.

"இங்கயே நில்லுங்க, அசையாதீங்க. எல்லாம் அதது எடத்துல இருக்கணும்."

இரண்டாவது சரணத்தில் கயல் தப்பாக வாசித்தாள். மும்தாஜ் சிரித்துவிட்டு விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள். தெருவே கை தட்டியது.

கை வலித்திருக்கும். ஆனால் பாட்டு முடிகிறவரை ஸ்டாண்ட் அசையவில்லை.