கதவுப்பட்டை வியாபாரம்

தையல் மெஷின் ஊசி இடது ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியதால்தான் அவள் விண்வெளிக்குப் போனாள். இருபது நாள் மெஷின் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். திரைச்சீலைக் கடைக்குப் பதினோரு வருஷமாக வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவளுக்கு, சும்மா இருப்பது எப்படியென்றே தெரியவில்லை. துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தாள்.

ஐஸ் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த கொழுந்தன் இதைப் பார்த்தான்.

"அலமாரி தேஞ்சிடப் போகுது அண்ணி. வலது கை நல்லாதானே இருக்கு? இங்க வந்து உக்காருங்க."

அவனுடைய கம்ப்யூட்டரில் இருந்தது ஒரு விண்வெளி விளையாட்டு. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆடுவது. கல்லைத் தோண்டித் தாது எடுக்கலாம், தாதுவை உருக்கிப் பொருள் செய்யலாம், செய்ததைச் சந்தையில் விற்கலாம், சண்டையும் போடலாம். சண்டை அவளுக்கு முதல் நாளே அலுத்தது. விலைப்பட்டியல் அலுக்கவில்லை. எல்லாரும் பீரங்கியும் எஞ்சினும் செய்து குவித்தார்கள். அடிபட்ட கப்பல்கள் வந்து ஒதுங்கும் எல்லை நிலையத்திலோ, கதவிடுக்கில் காற்று கசியாமல் அடைக்கும் பட்டைகூடக் கிடைக்கவில்லை.

தானே தோண்டினாள், தானே பட்டை செய்தாள், தானே ஏற்றிப்போய் விற்றாள். இன்னொருவர் அங்கே கடை போட்டதும் விலையைக் குறைத்தாள். அவரும் குறைத்தார். இவள் விடவில்லை. ஒரு வாரத்தில் அந்த ஆள் மூட்டை கட்டிவிட்டார்.

ஜெயித்த பெருமையோடு கொழுந்தனிடம் காட்டினாள். அவன் பல் தேய்த்துக்கொண்டே திரையைப் பார்த்தான்.

"பட்டை என்ன விலை?"

"எண்பது."

"ஒரு பட்டைக்குப் போற தாதுவ அப்படியே வித்தா நூறு வருமே அண்ணி."

"தாது நான் தோண்டினதுதானே தம்பி. காசு குடுத்தா வாங்கினேன்? சும்மா வந்தது."

"சும்மாவா? மணிக்கணக்கா உக்காந்து தோண்டினீங்க. அந்த நேரத்துக்கு யாரு கூலி குடுப்பா?"

அவன் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான். அவள் முகம் சூடாகியிருந்தது. விளையாட்டில் நஷ்டப்பட்டதற்கா என்றால், இல்லை. கடைக்குத் தைக்கும் நூல் அவளுடையது, கரண்ட் அவளுடையது, மெஷினுக்கு எண்ணெய் அவளுடையது. ஓரம் மடித்துத் தைப்பதைப் பதினோரு வருஷமாகக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மறுநாள் தோண்டுவதை நிறுத்தினாள். தோண்டிக் களைத்து, சுமந்துபோக அலுத்தவர்களிடம் அங்கேயே தாது வாங்கினாள். பட்டையை நூற்றறுபதுக்கு விற்றாள். ஒருமுறை கொள்ளைக்காரர்கள் முழுச் சரக்கையும் அடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் பாதிப் பாதியாகத்தான் ஏற்றினாள். விரல் கட்டைப் பிரித்த நாளில் அவளிடம் சொந்தமாக ஒரு பெரிய சரக்குக் கப்பல் இருந்தது.

"மூணு வருஷமா ஆடுறேன், எங்கிட்ட இதுல பாதிகூட இல்ல" என்றான் கொழுந்தன். குரலில் பெருமையும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தன.

விரல் ஆறியதும் கடைக்காரரிடம் போனாள். ஒரு தாளில் நூல், கரண்ட், நேரம் என்று எழுதி, கீழே புது விலை போட்டிருந்தாள். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தன நாள் இல்லாத கணக்கா இருக்கேம்மா."

"இத்தன நாள் நான் போடல சார்."

அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் மெஷின் மூடியே கிடந்தது. கம்ப்யூட்டர் பக்கமும் போக மனம் வரவில்லை.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் கணவர். லாரி ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார்.

"இருக்கு."

"திரும்பப் போய்க் கேக்கறியா?"

"இல்ல."

நான்காவது வாரம் கடையிலிருந்து ஆள் வந்தது. வளைந்த ஜன்னலுக்கான திரைச்சீலை, நெருக்கமான மடிப்பு, புது ஆள் இரண்டு முறை தைத்துக் கெடுத்திருந்தாள். சொன்ன விலைக்கே கொடுத்தார்கள். அப்புறமும் கஷ்டமான வேலைகள் மட்டுமே வந்தன. சாதாரணத் திரைச்சீலைகள் போனது போனதுதான். வருமானம் பழையபடிதான், ஆனால் மத்தியானங்கள் அவளுக்கு மிஞ்சின.

அப்படி ஒரு மத்தியானம் போன் வந்தது. கடைக்கு இப்போது தைத்துக் கொடுக்கும் அந்தப் புது ஆள்தான். குரலில் தயக்கம்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒரு திரைச்சீலைக்கு எவ்வளவு வாங்கினீங்க?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. பழைய விலையையும் புது விலையையும் சொன்னாள்.

"நூல் யாரோடது?"

"என்னோடதுதான் அக்கா."

"அத முதல்ல எழுது. அடுத்து கரண்ட். அடுத்து, எத்தன மணிக்கு உக்காந்து எத்தன மணிக்கு எழுந்திருக்கறேன்னு எழுது."

அந்தப் பக்கம் இழுப்பறையைத் திறந்து பேனா தேடும் சத்தம் கேட்டது.