நிறுத்து என்ற சொல்லுக்குப் பிறகு

காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் எங்களுக்குச் சிலாட் வகுப்பு நடந்தது. மலாய்க்காரர்களின் சண்டைக்கலை அது. முதலில் வெறுங்கை, பிறகு பிரம்பு, கடைசியில் மரக்கத்தி. சொல்லிக்கொடுத்தவர் மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழர். கோவையில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். தொண்ணூறுகளின் நடுவில், நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக அறை எடுத்திருந்த காலம்.

அந்த வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டவர் என் தங்கையின் கணவர். லாட்ஜுக்குப் பக்கத்தில் டிவி, டேப்ரிக்கார்டர் விற்கும் கடை வைத்திருந்தார்.

"வாங்க மச்சான், தொப்பை போடறதுக்குள்ள எதாவது கத்துக்கலாமுங்க" என்று கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனார். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். அப்போது எங்களுக்குள் எந்த வருத்தமும் இல்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் தங்கை, நடை பழகாத மகளைத் தூக்கிக்கொண்டு கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது காதுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது.

"ஆரம்பிச்சாருன்னா நிறுத்தவே மாட்டாரும்மா. கையெடுத்துக் கும்புட்டாலும் காதுல உழுகாது" என்றாள் அம்மாவிடம்.

அப்பா கடைக்குப் போய்க் கேட்டார். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி வரவழைத்து, நிதானமாகச் சொன்னாராம்: "உங்க பொண்ணு மேல என்ற கை பட்டதே இல்லீங்க மாமா. பாத்ரூம்ல வழுக்கி உழுந்தது."

அடுத்த ஞாயிறு அவர் வகுப்புக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். வந்திருந்தார். நான் நின்றுவிடுவேன் என்று அவரும் நினைத்திருக்க வேண்டும். நின்றவன் தோற்றவன் என்றாகிவிட்டது. மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. உயரமும் எடையும் ஒத்துப்போகிறது என்று எங்களையே ஜோடி சேர்த்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பிரம்பும் மரியாதையும் சேர்ந்தே விழுந்தன. பிரம்போடு பிரம்பு மோத வேண்டிய பயிற்சியில் அவருடையது என் விரல் முட்டியைத் தேடிவரும்.

"வலிக்குதுங்களா மச்சான்?"

"இல்லீங்க மாப்ளே. நீங்க அடிங்க."

என்னுடையது அவர் முழங்கையில் இறங்கும்போது நானும் அதே குரலில் விசாரிப்பேன். பக்கத்தில் பழகுகிறவர்கள், மச்சானும் மாப்பிள்ளையும் எவ்வளவு ஒற்றுமை என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ அவருடைய வேர்வை வாடையே ஆகவில்லை. அவர் தொட்ட பிரம்பை நான் எடுக்க மாட்டேன்.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். மாஸ்டர் "நிறுத்து" என்றால் பிரம்பைத் தாழ்த்திப் பின்னால் போய்விட வேண்டும்.

ஒரு நாள் எங்கள் இருவரையும் நடுவில் விட்டு மற்றவர்களைச் சுற்றி உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் சரிக்குச் சரியாகப் போனது. பிறகு மாப்பிள்ளை அகலமாக வீசிய ஒரு வீச்சில் நான் உள்ளே நுழைந்து, மணிக்கட்டைப் பிடித்து, என் பிரம்பை அவர் கட்டைவிரலுக்கு எதிராகத் திருகினேன். அவர் பிரம்பு தெறித்துத் தண்ணீர்த் தொட்டி வரை உருண்டது. யாரோ கை தட்டினார்கள்.

"நிறுத்து" என்றார் மாஸ்டர்.

நான் பிரம்பைத் தாழ்த்தினேன். மாப்பிள்ளை நடந்துபோய்த் தன் பிரம்பை எடுத்தார். மாஸ்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை நோக்கி வந்து அடித்தார். தலைக்குக் குறுக்கே கொடுத்த என் முன்கையில் எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்த பிறகும் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமே இல்லை. கடையில் பெட்டி அடுக்குகிறபோது இருக்கிற அதே முகம். என் தங்கை எந்த முகத்தோடு குடித்தனம் நடத்தினாள் என்பது அந்தத் தரையில் கிடக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாஸ்டர் பாய்ந்து அவரைக் குப்புறத் தள்ளி, கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினார். "நிறுத்துன்னா நிறுத்தணும்லா! காது இல்ல?"

விட்டதும் அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "வேகத்துல பட்டுப்போச்சுங்க மாஸ்டர். மச்சான் தப்பா எடுத்துக்காதீங்க."

மாவுக்கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் மாஸ்டரிடம் தங்கை விஷயத்தையும், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசப் போவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பேச்சுவார்த்தை என்னைக்கு? நானும் வரேன்."

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் நடந்ததைச் சொன்னதும் மாப்பிள்ளையின் பெரியப்பா சிரித்தார். "வெளையாட்டுல பட்டதுங்க. இதுக்குப் போயி வெளியாளைக் கூட்டியாந்து பேச வைப்பாங்களா?"

சமையலறை வாசலில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தங்கை முன்னால் வந்தாள். மாஸ்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க நிறுத்துன்னு சொன்னது அவருக்குக் கேட்டுதுங்களா?"

"கேட்டுச்சும்மா. என்னைத் திரும்பிப் பாத்துட்டுதான் அடிச்சாரு."

"எனக்கும் அப்படித்தானுங்க" என்றாள் பெரியவர்களிடம். "நிறுத்துங்கன்னு நான் கும்புடறப்ப என்ற மூஞ்சிய ஒருக்காப் பாப்பாரு. அப்புறந்தான் அடுத்த அடி உழுகும். அண்ணன அடிச்சது வெளையாட்டுன்னா, என்னைய அடிச்சது என்னங்க?"

"வாய மூடுடி!" மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கை பாதி ஓங்கியிருந்தது. அத்தனை பேரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். அவருடைய அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்கள் அப்பாவின் கண்ணைப் பார்க்காமல், "பொண்ணு இங்கயே இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

எல்லோரும் போன பிறகு நான் பல்லைக் கடித்தேன். "இந்தக் கட்டப் பிரிக்கட்டும். அவன நான் பாத்துக்கறேன்."

தங்கை எரிச்சலோடு திரும்பினாள். "அவரை நீ அடிச்சுப்போட்டீன்னா, நாளைக்கு ஊரு உன்னையப் பத்தித்தான் பேசும். என்ற பேச்சு அமுங்கிப் போயிரும். கை ஆறுனா திருப்பூர்ல எனக்கு ஒரு வூடு பாத்துக் குடு. வேலைக்குப் போறேன்."

பார்த்துக் கொடுத்தேன். பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். கோர்ட்டில் விவாகரத்து வழக்கு இழுத்து இழுத்து ஒருவழியாக அவள் பக்கம் முடிந்தது. இதற்கிடையில் மாப்பிள்ளை, ரவுடிகளுக்குப் பயிற்சி நடக்கிறது என்று லாட்ஜ் முதலாளியிடம் சொல்லி மாடியைப் பூட்ட வைத்தார். மாஸ்டர் ஊருக்கு வெளியே ஒரு காலி மனையில் வகுப்பைத் தொடர்ந்தார். முள்ளும் கல்லுமான அந்த மண்ணில்தான் நான் மரக்கத்தி பழகினேன். முறிந்த கை முழுதாக நிமிராது. ஆகவே இடது கையில் பழகினேன்.

தங்கை தன் பழைய கணவரைப் பற்றிப் பேசுவதில்லை. மறந்துவிட்டாள் என்றே சொல்லலாம். எனக்கு அது வாய்க்கவில்லை. டவுன் பஸ் அந்த டிவி கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே அவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பேன். உட்கார்ந்திருப்பார். வியாபாரம் நன்றாகவே நடந்தது.