கல்பனா போட்ட வெர்ஷன்

போன வாரத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை மதியம். அடுப்பில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற நேரமாகப் பார்த்து போன் அடித்தது. எடுத்தால், ஒரே கூச்சல்.

“அண்ணி... ஓடிடுச்சு அண்ணி! ஓடிடுச்சு!”

என் தம்பி மனைவி கல்பனா. அவர்கள் வீட்டில் புதிதாக ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறார்கள். கேட்டைத் திறந்து போட்டுவிட்டார்களோ?

“பதறாதே. தெருமுனை வரைக்கும் போய்ப் பாரு. கறிக்கடைப் பக்கம்தான் நிக்கும்” என்றேன்.

“ஐயோ, நாய் இல்ல அண்ணி! புரோகிராம்! புரோகிராம் ஓடிடுச்சு. வேலை கெடச்சிடுச்சு!”

கடுகு கருகிப்போனது. போகட்டும். இந்தச் செய்திக்கு ஒரு சட்டி சாம்பாரையே கொட்டலாம்.

கல்பனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அயனம்பாக்கத்தில் வீடு. என் தம்பி முரளி குட்டியானை ஓட்டுகிறான். யானை இல்லை, சின்ன லோடு வண்டி. கல்பனா கல்யாணத்துக்கு முன்பிருந்தே அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போனவள். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. செய்து வைத்த பீஸை அளந்து, இது போகும், இது போகாது என்று சொல்கிற வேலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கம்பெனி ஊரைவிட்டே தள்ளிப் போய்விட்டது. அவ்வளவு தூரம் தினமும் போய்வர முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்று சுலபமாக எழுதிவிட்டேன். காலையில் ஷிப்ட்டுக்குப் போகிற பெண்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். முரளிதான் சொன்னான்.

வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தாள். எங்கே போனாலும் ஒரே பதில் — இப்போது அளப்பதெல்லாம் மெஷின், அது துப்புகிற எண்களைக் கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும், உங்களுக்கு அது தெரியுமா?

தெரியாது. அதனால் கற்றுக்கொள்ளப் போனாள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சென்டர். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும், கல்லூரி முடித்த பிள்ளைகள் எல்லோரும் “குட் மார்னிங் மேம்” என்று எழுந்து நின்றுவிட்டார்களாம். இவள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது!

பைத்தான் படித்தாள். கம்ப்யூட்டருக்கு ‘இதைச் செய், அதைச் செய்’ என்று வேலை சொல்லும் மொழி. கொஞ்சம் கொஞ்சமாகக் கைவந்தது. அப்போதுதான் மண்ணூர்பேட்டையில் வண்டி பாகங்களைப் பரிசோதிக்கிற ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. உங்கள் லேப்டாப்பையே கொண்டு வாருங்கள், அதில் பைத்தான் போட்டிருக்க வேண்டும் என்றார்கள்.

முரளி என்னிடம் போனில் கேட்டான்: “இன்னாக்கா இது? பாம்பு எடுத்துகினு வரச் சொல்றாங்களாமே?”

அங்கேதான் ஆரம்பித்தது தலைவலி. சென்டரில் எல்லாம் தயாராகப் போட்டு வைத்திருந்தார்கள், உட்கார்ந்து தட்டினால் போதும். வீட்டு லேப்டாப்பில் அவளேதான் போட வேண்டும். போடலாம்... ஆனால் எந்த பைத்தான்? அதில் வெர்ஷன் வெர்ஷனாக வந்துகொண்டே இருக்கிறது. புதுசு, போன வருஷத்துது, அதற்கும் முந்தினது. எல்லாமே இலவசம். இலவசமாக இருந்தால் மட்டும் குழப்பம் குறைந்துவிடுமா என்ன?

சென்டர் சார், “லேட்டஸ்ட் போடுங்கம்மா, கண்ணை மூடிக்கிட்டு” என்றார். கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். ஒரு பழைய புத்தகம் வாங்கி வைத்திருந்தாள், அதிலிருந்த முதல் பாடத்தை அப்படியே தட்டினாள். திரையில் வணக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் வரியிலேயே திட்டு! அடைப்புக்குறி எங்கே என்று கேட்டது. அந்தப் புத்தகம் எழுதிய காலத்தில் அடைப்புக்குறி தேவைப்படவில்லை. இப்போது அது இல்லாமல் மொழி ஒரு வார்த்தை பேசாதாம்.

சரி, புத்தகத்தை மூடிவிட்டு வகுப்பில் செய்த பாடத்தைப் போட்டாள். அட்டவணை படிப்பதற்குத் தனியாக ஒரு துணைத் தொகுப்பு சேர்க்க வேண்டும். சேர்க்கப் போனால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பைத்தான் புத்தம் புதுசு. துணைத் தொகுப்பு இன்னும் அதற்குத் தயாராகவில்லை.

என் மகன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். அவனைக் கேட்டேன். “ஒரு வெர்ஷன் பின்னாடி போகச் சொல்லும்மா, அதான் சேஃப்.” வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டாள். ஆளுக்கொரு நம்பர் சொல்லி, கடைசியில் அவர்களுக்குள்ளேயே சண்டை!

அன்று மாலை நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். லேப்டாப்பை மடக்கி வைத்துவிட்டாள். “நான் போகலை அண்ணி. இதைப் போடவே தெரியலை, அங்க போய் இன்னா செய்யப் போறேன்?”

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே நிமிர்ந்தாள்.

“இவ்ளோ பேரைக் கேட்டேனே... இதுல ஒருத்தராவது அந்தக் கம்பெனில வேலை செய்றாங்களா அண்ணி?”

“இல்லையே.”

“அப்ப இவங்களை எதுக்குக் கேட்டுகினு கீறேன்?”

போனை எடுத்தாள். முரளி பதறிப்போனான். “ஏய், அவங்களையே கேக்காதடி! இதுகூடத் தெரியாதான்னு நெனச்சுக்கப் போறாங்க!”

“தெரியாததைத்தான கேக்க முடியும்? பழைய கம்பெனில பீஸோட டிராயிங் எத்தினியாவது தடவை திருத்தினதுன்னு கேக்காம ஒரு பீஸ்கூட நான் அளந்ததில்ல. அப்ப கேட்டேன். இப்ப மட்டும் இன்னா வெக்கம்?”

கேட்டேவிட்டாள். “மேடம், இன்டர்வியூக்கு வரேன். நீங்க அங்க பைத்தான் எந்த வெர்ஷன் யூஸ் பண்றீங்க?” எதிர்முனையில் ஒரு பெண், லைனில் இருக்கச் சொல்லி உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். மூன்று புள்ளி பதினொன்று என்றார். லேட்டஸ்டும் இல்லை, புத்தகத்தில் இருந்ததும் இல்லை, என் மகன் சொன்னதும் இல்லை!

அதையே இறக்கிப் போட்டாள். துணைத் தொகுப்பு சத்தம் போடாமல் உட்கார்ந்தது. பாடம் ஓடியது. பழைய லேப்டாப் எங்கே நடுவில் கவிழ்த்துவிடுமோ என்று, அந்த வெர்ஷனை ஒரு பென் டிரைவிலும் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இன்டர்வியூவில் நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். நடுநடுவே எழுந்து நின்று நடித்தே காட்டினாள்.

மெஷின் எழுதிய ரீடிங், அதாவது அளவுகள், ஒரு பெரிய கோப்பு. அதில் தப்பாகப் பதிவானவற்றை நீக்கி, எந்த பீஸ் தேறும், எது தேறாது என்று ரிப்போர்ட் எடுக்க வேண்டும். கம்பெனியே எழுதிவைத்த ஒரு சின்ன புரோகிராமையும் கொடுத்து, அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். கல்பனாவின் லேப்டாப்பில் அது உடனே ஓடியது.

பக்கத்து நாற்காலியில் வேப்பம்பட்டிலிருந்து ரயில் பிடித்து வந்த திவ்யா என்ற பெண். கல்லூரி முடித்த கையோடு வந்திருக்கிறாள். லேப்டாப்பில் லேட்டஸ்ட் வெர்ஷன். கம்பெனி புரோகிராமைத் திறந்ததும் அதே சிவப்பு எழுத்து. அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

கல்பனாவுக்குத் தன் வேலை பாதியில் நிற்கிறது. கடிகாரம் ஓடுகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் குனிந்த தலை நிமிராமல் என் வேலையைப் பார்த்திருப்பேன்.

அவள் கையைத் தூக்கினாள். “மேடம், இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியுது. வெர்ஷன்தான் வேற. எங்கிட்ட சரியானது கீது, போட்டுக் குடுக்கட்டுமா?”

இன்டர்வியூ எடுத்த மேனேஜர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாராம். “உங்க டைம்தாங்க போகும்.”

“பரவால்ல மேடம்.”

“அக்கா, என்னோடதை அழிக்கணுமா?” என்று பயந்தாள் திவ்யா.

“எதையும் அழிக்க வாணாம்மா. பக்கத்துலயே இதையும் போட்டுக்கலாம். ரெண்டும் ஒரே ஊட்ல சண்டை போடாம இருக்கும்.”

பென் டிரைவிலிருந்து போட்டுக் கொடுத்தாள். ஓடியது. திரும்பி வந்து தன் ரிப்போர்ட்டில் உட்கார்ந்தாள். நேரம் முடிகிற சமயத்தில் கடைசி வரியைத் தட்டினாள்... தேறாத பீஸ்கள் எல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. அதில் ஒன்றைத் தன் பழைய கம்பெனிக் கண்ணால் பார்த்துவிட்டு, “மேடம், இது பீஸ் தப்பில்ல. பக்கத்து ரீடிங்கும் இதே அளவு தள்ளிக் கீது, அளக்கிற மெஷினே அந்த நேரத்துல நகந்திருக்கும்” என்று சொல்லிவிட்டும் வந்திருக்கிறாள்.

வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு மேனேஜர் அம்மாவே வந்தார்.

“வெர்ஷன் என்னன்னு போன் பண்ணிக் கேட்டது நீங்கதானா?”

கல்பனா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முரளி சொன்னது சரியாகிவிட்டதோ?

“ஆமா மேடம்.”

“வந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. திங்கக்கிழமை வந்துடுங்க.” திவ்யாவுக்கும் வேலை. வேறு பிரிவில் ஓர் இடம் இருந்ததாம்.

தெருவுக்கு வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, அத்தனை பேர் பார்க்க அவள் கத்தியதுதான் என் கடுகைக் கருக்கிய அந்தக் கூச்சல்.

யோசித்துப் பார்த்தேன். எது பெஸ்ட் என்று சார், சொந்தம், வாட்ஸ்அப் குரூப் என்று ஊரையே கேட்கிறோம். எங்கே போய் வேலை செய்யப் போகிறோமோ, அந்த ஒரு இடத்தில் மட்டும் கேட்கக் கூச்சப்படுகிறோம். வெர்ஷன் என்றில்லை, காலேஜ், கல்யாணம், கார் — எல்லாவற்றிலும் இதே கதைதானே?

திங்கட்கிழமை முரளி தன் குட்டியானையின் முன் சீட்டைத் துடைத்து, அவளை ஏற்றிக்கொண்டுபோய் கம்பெனி வாசலிலேயே இறக்கிவிட்டான். செக்யூரிட்டி, “லோடு எங்கப்பா?” என்று கேட்டதற்கு, “லோடு இல்ல அண்ணாத்தே... ஆபீசரம்மா!” என்றானாம்.

நேற்று ஞாயிறு. அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்பனா மீன் குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

லீவு நாள்தான். ஆனாலும் கழுத்தில் ஐ.டி. கார்டு!