பன்னிரண்டு பேலட் இடம்

1999 அக்டோபர் 4. அறிவித்த தொகை: 10,00,000 டாலர்.
அக்டோபர் 7. மருத்துவமனை கேட்ட சரக்கின் விலை: 46,300 டாலர்.
நவம்பர் 12இல் நடக்கவிருந்த விருந்துக்கு ஒதுக்கியது: 48,000 டாலர்.

மூன்றுக்கும் பொறுப்பு வெர்னா ஹாஸ்டெட்லர். டொலீடோ நகரத்து மருந்துக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நன்கொடைப் பிரிவைப் பார்த்துவந்தார். எந்த நாட்டில் பூகம்பம், எந்த நாட்டில் வெள்ளம் என்றாலும் கம்பெனியின் மருந்து அவர் கை வழியாகத்தான் போகும். அதுவரை போனது தொண்ணூற்றொரு லட்சம் டாலர் பெறும். இன்னும் ஒன்பது லட்சம் சேர்ந்தால் ஒரு கோடி. அந்த ஒரு கோடியைக் கொண்டாடத்தான் விருந்து. மேடையில் அவர் பெயர் பொறித்த கண்ணாடிப் பட்டயம். டிசம்பரில் ஓய்வு பெறவிருந்த வெர்னாவுக்கு அந்தப் பட்டயத்தின் மேல் ஆசை இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஹோண்டுராஸில் ஆறு பெருகி ஊர்கள் மூழ்கிய செய்தி வந்ததுமே, பத்து லட்சம் டாலர் மருந்து தருகிறோம் என்று அவரே எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கிடங்கில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை மலையாகக் கிடந்தது, பிப்ரவரியோடு காலாவதி. பட்டியல் விலையில் போட்டால் பத்து லட்சம் வரும். அந்த விலைக்கு எந்தக் கடைக்காரரும் அதை வாங்கியதில்லை. ஆனால் தானம் என்றால் பட்டியல் விலைதான் கணக்கு. அது அங்கே வழக்கம். சரக்கு விமானக் கம்பெனி ஒன்று சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட் பன்னிரண்டு வைக்க இடம் இலவசமாகத் தந்தது. மாத்திரைப் பெட்டிகளும் சரியாகப் பன்னிரண்டு பேலட்.

மூன்றாம் நாள் அங்குள்ள மருத்துவமனையிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புப் பொட்டலம், சலைன், குளோரின் மாத்திரை. வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது. இவற்றில் ஒன்றையும் கம்பெனி தயாரிப்பதில்லை. வெளியே ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டும்.

பெறுபவர் சம்மதித்துக் கையெழுத்திடாமல் கம்பெனிக்கு வரிச்சலுகை கிடையாது. ஃபேக்ஸ் அனுப்பிய மருத்துவமனையின் டாக்டர் ஒஸ்மான் முரில்லோவை எப்படியாவது சம்மதிக்க வைக்கலாம் என்றுதான் வெர்னா தொலைபேசியில் அழைத்தார்.

“தரமான மாத்திரை டாக்டர். இங்க வசதியானவங்க சாப்பிடுறது.”

“இருக்கும் மேடம். இங்க வயித்தால போயே பிள்ளைங்க சாகுதுங்க.”

வெர்னா மறுபடியும் எடுத்துச் சொன்னார். டாக்டருக்குச் சலித்துவிட்டது.

“சரி, காகிதத்த அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உங்களுக்கு வேண்டிய நம்பர் கெடச்சிரும். சரக்க மட்டும் அனுப்பாதீங்க. போன வருஷம் யாரோ அனுப்புனத எரிக்க டீசல் வாங்குனது நான்தான்.”

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. சேற்றில் நின்றுகொண்டு ஒரு மனிதர், வெர்னாவின் பட்டயத்துக்காகப் பொய்க் கையெழுத்து போட முன்வருகிறார். காகிதத்தை வெர்னா அனுப்பவில்லை. நேரே துணைத்தலைவர் கிரெய்க் லிண்டாலிடம் போய் நடந்ததைச் சொல்லி, விருந்துப் பணத்தைக் கேட்டார். பிரிவின் கையில் இருந்த ரொக்கம் அது ஒன்றுதான்.

“பத்து லட்சம்னு பேப்பர்ல வந்தாச்சு. எழுதுனது நீங்க.”

“ஆமா. திருத்தமும் நானே எழுதுறேன். என் பேர்லயே போடுங்க.”

“அப்ப உங்க ஒரு கோடி?”

“கணக்கு இப்ப இருக்கற எடத்துலயே நிக்கட்டும் கிரெய்க்.”

கையெழுத்து இல்லாமல் மாத்திரை போனால் கம்பெனிக்கும் வரிச்சலுகை இல்லை என்பது லிண்டாலுக்குத் தெரியும். அவர் பேனாவைத் திறந்தார்.

“போகட்டும். விருந்துக்குப் பேசுன ஹோட்டல்ல கோழி செருப்புத் தோல் மாதிரிதான் இருக்கும்.”

அக்டோபர் 15 அன்று விமானம் உப்பும் சலைனும் குளோரினும் ஏற்றிக்கொண்டு போனது. திருத்தம் பத்திரிகைகளின் உள்பக்கத்தில் நாலு வரியாக வந்தது. ஒரே வாரத்தில் ஒன்பதரை லட்சம் டாலரைத் தொலைத்தவர் என்று உணவுக்கூடத்தில் வெர்னாவைக் கேலி செய்தார்கள். டிசம்பரில் அதே உணவுக்கூடத்தில் ஒரு கேக் வெட்டி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டாக்டரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, சரக்கு வந்தது என்று மட்டும். மற்றதைக் கம்பெனி வெர்னாவின் வீட்டு முகவரிக்குத் திருப்பிவிட்டது. உப்பு முழுவதும் தீர்ந்தது, குழந்தைகள் வார்டில் நவம்பர் முதல் சாவு இல்லை, இனி அனுப்ப வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. அது வந்து சேர்ந்த நாள் 2000 ஜனவரி 19.