ஜவஹர் அலியின் வலது கால்

என் அக்கா ஜொஹராவின் கணவர் ஜவஹர் அலியைப் பற்றிக் காரைக்காலில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: கையில் ஸ்டியரிங் இல்லாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. மீசை சரியாக முளைக்காத வயதில் துபாய்க்குப் போனவர். அங்கே ஓர் அரபி வீட்டில் டிரைவர் வேலை. அந்த அரபிக்கு வேக வண்டி என்றால் பைத்தியம். வாங்குவது அவர், ஓட்டுவது மச்சான். பாலைவனத்துக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் போகும் சாலையில், யாருக்கோ சொந்தமான வண்டிகளில், தன் இளமை முழுவதையும் ஓட்டித் தீர்த்தார்.

அந்தச் சம்பாத்தியத்தில் தங்கைகளைக் கட்டிக் கொடுத்தார், மாடி வீடு கட்டினார், மகள் நௌஷினைப் படிக்க வைத்தார். சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள், ஊருக்கு வரும்போது கோடாலித் தைலமும் பேரீச்சம்பழமும் கொண்டு வருவார்கள். மச்சான் சர்க்கரை நோயையும் சேர்த்துக் கொண்டு வந்தார்.

வந்த வேகத்தில் பெங்களூரிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு. எங்கள் தெருவில் ஆட்டோ திருப்புவதற்கே பிஸ்மி சொல்ல வேண்டும். இதை ஏன் வாங்கினார் என்று எல்லாரும் சிரித்தோம். ஆனால் அடுத்தவன் வண்டியையே ஓட்டிய ஆள் தனக்கென்று ஒன்று வாங்கியதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அந்த வண்டியில் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கி வேகத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் வண்டி தானே போகும். முன்னால் ஒரு வண்டி மெதுவானால் இதுவும் மெதுவாகும், அது விலகினால் பழைய வேகத்துக்குத் தானே ஏறும். காலுக்கு வேலை இல்லை. சுரக்குடி அஷ்வின் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன், கார் என்றால் உயிர். டீக்கடையில் மச்சானைச் சீண்டினான்.

"ஸ்போர்ட்ஸ் காருல எதுக்கு சார் அது? காலுக்கு வேலை இல்லாம போறதுன்னா பஸ்ஸுல போயிடலாமே."

நானும் அஷ்வின் கட்சிதான். பிரியாணி வாங்கி வேறொருத்தனைத் தின்னச் சொல்லி வேடிக்கை பார்ப்பதுபோல அது என்றேன். மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வேகமா போற வண்டிக்குத்தான்யா அது மொதல்ல வேணும். மனுஷன் அசந்துடுவான், அது அசராது. அது இல்லாத ஸ்போர்ட்ஸ் கார விக்கவே கூடாதுங்கறேன்."

சொன்ன வேகத்தில் பெஞ்சை அடித்தார். பக்கத்தில் வைத்திருந்த டீ கவிழ்ந்து அவருடைய வலது பாதத்தில் கொட்டியது. கொதிக்கக் கொதிக்கப் போட்டுக் கொடுத்த டீ. அவர் பேச்சை நிறுத்தவில்லை. காலை இழுக்கவும் இல்லை. அஷ்வின்தான் பதறினான். "சார், கால்ல டீ." மச்சான் குனிந்து பார்த்த பிறகுதான் "ஸ்ஸ்" என்றார். பார்த்த பிறகு.

வீட்டுக்குப் போய் அக்காவை, எங்கள் வழக்கில் லாத்தாவை, கேட்டேன். அடுப்படியில் நின்றவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"போன மாசம் கூடமெல்லாம் ரத்தக் கறைடா. ஒத்தக் கால் தடம். யாரு காலு வெட்டுப்பட்டுச்சுன்னு என்னையும் புள்ளையையும் சத்தம் போட்டாக. கடைசில பாத்தா அவுக கால்லதான் கண்ணாடிச் சில்லு."

டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் கம்பியால் குத்திப் பார்த்தாராம்.

"குத்துறது தெரியுதான்னு கேட்டாரு. தெரியலன்னு கூட அவுக சொல்லல. இன்னும் நீங்க தொடவே இல்லியே டாக்டர்னாக."

சர்க்கரையில் பாதம் மரத்துவிட்டது, வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் மச்சான், கவனமாக ஓட்டச் சொன்னார் என்று மாற்றிவிட்டார். வெளியில் மூச்சு விடக் கூடாது என்று லாத்தாவிடம் சத்தியமும் வாங்கிவிட்டார். அந்தப் பொத்தானுக்காக ஏன் அப்படிக் கொதித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. மற்றவனுக்கு அது சொகுசு. இவருக்கு அது கால். எனக்கு வந்த கோபத்தில், அந்தக் கம்பெனிக்காரன் எதிரில் இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். காலுள்ளவனுக்கு அது துணையாக இருக்கலாம். காலுக்குப் பதிலாக வைத்துக்கொள் என்று எவன் சொன்னான்?

லாத்தா மன்றாடியதில், புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, வண்டியைத் தானே ஓட்டுவார். தெரிந்த டிரைவரை அழைக்கிறேன் என்றேன்.

"என் வண்டிய இன்னொருத்தன் ஓட்ட, நான் பக்கத்துல பொம்மையாட்டம் உக்காரவா? போடா."

தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் கிளம்பினேன். பின்சீட்டில் முழங்கால் தாடையில் இடித்தது. முன்னால் லாத்தா வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள்.

தை மாதக் கடைசி, சம்பா அறுவடை முடிந்த நேரம். எங்கள் பக்கத்தில் அப்போது பாதிச் சாலை வண்டிக்கு, பாதிச் சாலை நெல்லுக்கு. போலீஸ் வருஷா வருஷம் சத்தம் போடும், நெல்லும் வருஷா வருஷம் காயும். கொள்முதல் நிலையத்தில் ஈர நெல்லை எடுக்க மாட்டேன் என்றால் வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? தார்ச் சூட்டுக்கு ஈடான களம் எது? டெல்டாவில் ஓட்டிப் பழகியவன் தூரத்தில் மஞ்சளைக் கண்டதுமே காலைத் தளர்த்திவிடுவான். மச்சான் பழகிய சாலையில் மணல்தான் உண்டு, நெல் கிடையாது.

எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் போனது. மச்சான் காலைச் சும்மா வைத்துக்கொண்டு பெருமையடித்தார். "பாத்தியா? அவன் மெதுவானா இதுவும் மெதுவாவுது. நான் ஒண்ணுமே பண்ணல."

பூவம் தாண்டியதும் பஸ் சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கியது. எதிரே சாலை நெடுக நெல். நடுவில் ஓர் அம்மா, குனிந்து பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். பஸ் விலகியதும் வழி காலி என்று நினைத்துக்கொண்டு எங்கள் வண்டி தானாக வேகம் எடுத்தது.

"பிரேக்கு! பிரேக்கப் போடுங்க!" லாத்தா அலறினாள்.

"போட்டுட்டேன்," என்றார் மச்சான், நிதானமாக.

வண்டி இன்னும் வேகமாகப் பாய்ந்தது. கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்தார். அந்த அம்மா பலகையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் விழுந்தார். ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த நெல் குவியலில் வண்டி புதைந்து, இன்ஜின் அணைந்து நின்றது.

அந்த அம்மாவின் பெயர் கமலாம்பாள். உடம்பில் கீறல்தான், சாலையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பலகை எங்கள் சக்கரத்தின் அடியில் இரண்டாகக் கிடந்தது. கணவர் உத்திராபதி ஓடி வந்தார், வயலில் நின்றவர்களும் கூடினார்கள். மச்சான் இறங்கி, "பிரேக்க மிதிச்சேங்க. சென்சார் கோளாறு, வண்டி கேக்கல," என்றார். எல்லாரும் நம்பினார்கள். மெஷினை நம்பலாமா என்று அவருக்கே ஆறுதல் சொன்னார்கள். வண்டியைத் தள்ளிச் சாலையில் விட்டார்கள்.

"உசுரு போவல, அது போதும். பாத்துப் போங்க சார்," என்றார் உத்திராபதி.

மச்சான் திரும்பவும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். லாத்தா ஏறவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வண்டிக்கு நேர் முன்னால் போய் நின்றாள்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க. கீழ பாக்காம பிரேக்குல காலை வைங்க."

"என்ன ஜொஹரா, நடுரோட்டுல வச்சு…"

"வைங்க."

எரிச்சலோடு காலை வைத்து அழுத்தினார்.

"இப்ப கால் எதுல இருக்கு?"

"பிரேக்குலதான். வேற எதுல இருக்கும்?"

திறந்திருந்த கதவு வழியாக நான் பார்த்தேன். ஆக்சிலரேட்டர் தரையைத் தொடும் அளவுக்கு அழுந்தியிருந்தது, அதன் மேல் அவர் பாதம்.

"மச்சான், கீழ பாருங்க," என்றேன்.

என்னைக் கேலி செய்யத் தயாராகச் சிரித்துக்கொண்டே குனிந்தார். அதற்குப் பிறகு அவர் நிமிர வெகுநேரமானது. நிமிர்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. சாலையோரம் உட்கார்ந்திருந்த கமலாம்பாளைப் பார்த்தார்.

"அந்தம்மா நின்னப்பவும் காலு இங்கதான் இருந்துச்சா?"

"ஆமாங்க," என்றாள் லாத்தா.